அடியில் ஜிப் வைத்த பெல்பாட்டம்

மனிதர்கள் உடுத்திக்கொண்ட அசிங்கங்களில் முதல் பரிசு எதற்கு என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் பெல்பாட்டத்துக்குக் கொடுப்பேன். தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே வந்ததும் மனம் மாறி விரிந்து, தரையைப் பெருக்கிக்கொண்டு போகிற அந்தக் கால்சட்டையைக் கண்டுபிடித்தவனுக்கு மனித இனத்தின் மேலேயே ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும். அதோடு விட்டார்களா? தோள்வரை நீண்ட நாய்க்காது காலர். காதைத் தாண்டிக் கன்னத்தில் இறங்கிய கிருதா. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெல்ட், அதில் சாஸர் அளவுக்கு ஒரு பக்கிள். இத்தனையையும் ஒரே ஆள் மாட்டிக்கொண்டு திரிந்தார். அந்த ஆளைத்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள்.

டிஸ்கோ என்பது ஆட்டமா, பாட்டா, ஏதாவது ஊரா என்று எங்கள் திருச்சியில் ஒருவருக்கும் தெரியாது. பளபளவென்று இருந்தால் அது டிஸ்கோ. கடைவீதியில் டிஸ்கோ வளையல் விற்றார்கள், டிஸ்கோ செருப்பு விற்றார்கள், டிஸ்கோ பொட்டுகூட அட்டையில் ஒட்டி வந்தது. அமெரிக்காவில் கண்ணாடி உருண்டைக்குக் கீழே யாரோ நாலு பேர் ஆடியது பம்பாய் சினிமாவுக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்து, திரையில் பார்த்ததை எங்கள் ஊர் டைலர் கண்ணளவாகவே வெட்டித் தைத்து, கடைசியில் கல்லூரிப் பையன்களின் காலில் வந்து முடிந்தது. நடுவில் ஆட்டம் எங்கேயோ வழியில் இறங்கிவிட்டது. துணி மட்டும்தான் எங்கள் ஊர்வரை வந்தது.

பெண்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். ஜிகினா ஒட்டிய நைலக்ஸ் சேலையை நானும் கட்டியிருக்கிறேன். சித்திரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் நின்றால் முதுகில் வியர்வை வாய்க்காலாக ஓடும். ஆனால் எனக்குப் புத்தி வந்தது, விட்டுவிட்டேன். என் கணவருக்கு வரவில்லை.

பெல்பாட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்த்த ஒரே சொந்தச் சரக்கு ஜிப். அகலமான அடிவிளிம்பு ரோட்டில் தேய்ந்து சீக்கிரமே நூல்நூலாகப் பிரிந்துவிடும். அதற்கு டைலர்கள் ஒரு வழி கண்டார்கள். ஜிப்பை இரண்டாகப் பிரித்து, காலுக்கு ஒரு பாதியாக அடிமடிப்பில் வைத்துத் தைத்துவிடுவார்கள். இரும்புப் பல் தரையில் உரசும், துணி பிழைத்துக்கொள்ளும். ஆள் வருவதற்கு முன்னால் சரக் சரக்கென்று சத்தம் வரும். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. கால்களை நெருக்கி வைத்து நடந்தால் இந்தக் காலின் பல் அந்தக் காலின் துணியைக் கவ்வி ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். அதனால் ஜிப் வைத்தவர்கள் எல்லாம் காலை அகட்டி அகட்டித்தான் நடந்தார்கள். அதையே ஸ்டைல் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது என் கணவர் இப்படி ஜிப் வைத்த பேன்ட்களையே பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தார். அமெரிக்காவே இதைத்தான் போடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பனியைப் பற்றிச் சொல்லவில்லை. முதல் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டிய உப்பு பட்டு ஜிப்பெல்லாம் துருப்பிடித்து, கூட இருந்த பையனின் கார்ப்பெட்டில் போகுமிடமெல்லாம் பழுப்புக் கோடு. வேறு மனிதனாக இருந்தால் பேன்ட்டைத் தூக்கி எறிந்திருப்பான். இவர் புது ஜிப் வாங்கி, உட்கார்ந்து கையால் தைத்தார்.

நான் கல்யாணமாகி வந்து சேர்ந்தபோது அமெரிக்கா அந்த உடையை எப்போதோ தலைமுழுகிவிட்டிருந்தது. நாங்கள் நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கிக் குடிபோன பிறகும் இவர் விடவில்லை. வாரநாட்களில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறிப் போகும்போது மேலே கோட் இருக்கும், பாதி மானம் தப்பிக்கும். சனி, ஞாயிறு வந்தால் போதும், காப்பிக்கலர் பெல்பாட்டமும் நாய்க்காது காலருமாகத் தமிழர் பிக்னிக்குக்கு வந்து நிற்பார். உடம்பும் ஏறித் தொலையவில்லை. கல்லூரியில் தைத்தது அப்படியே இடுப்பில் உட்காரும்.

"இத எப்பதாங்க தூக்கிப் போடுவீங்க?"

"ஏன்? துணி நல்லாத்தானே இருக்கு."

பாலியஸ்டருக்குச் சாவு கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. துவைத்தால் மங்காது, மடித்தால் கசங்காது, பூச்சிகூட சீண்டாது. பூச்சிக்கே வேண்டாத துணி என்று நான் சொல்வேன். காலையில் காபியோடு இப்படி ஏதாவது ஒன்றையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வார். அவரைக் கேலி செய்யும் உரிமை எனக்குக் கல்யாணத்தோடு வந்தது, அதை வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள். இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். மிடில் ஸ்கூலுக்குப் போனதிலிருந்து அப்பா அவளுக்கு வெட்கமாகிவிட்டார். ஸ்கூலில் பெற்றோரைக் கூப்பிடும் நாட்களில் என்னிடம் மட்டும் வந்து, "யூ கம், அம்மா. ஜஸ்ட் யூ" என்பாள். முதல் தடவை அவர் சட்டையை மாற்றிக்கொண்டு கார் சாவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இட்ஸ் ஓகே அப்பா, யூ டோன்ட் ஹேவ் டு கம்" என்றாள். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு அவர் கிளம்பவே இல்லை. நான் திரும்பி வரும்வரை காத்திருந்து, "டீச்சர் என்ன சொன்னாங்க? கிளாஸ் ரூம் பெருசா? பாப்பா எந்த எடத்துல உக்கார்றா?" என்று கேட்பார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவர் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. மகள் தன் வாயால் "வாங்கப்பா" என்று கூப்பிட வேண்டும். அந்த மனிதருக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் உலகத்துக்கே புத்தி பிசகியது. பெல்பாட்டம் திரும்பி வந்தது. பெயரை மாற்றிக்கொண்டு ஃப்ளேர் என்று வந்தது. மாலில் கடைக்குக் கடை தொங்கியது. கண்ணிமையில் மினுக்குப் பொடி, காலடியில் செங்கல் உயரத்துக்கு ஹீல். எங்கள் கடைவீதிக் குப்பை அத்தனையும் ஏசி போட்ட கடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு புதுசு என்று கூசாமல் சொன்னது. மகள் வயசுப் பெண்கள் ஈரத் தரையில் அதை இழுத்துக்கொண்டு நடந்தார்கள், விளிம்பெல்லாம் கிழிந்து தொங்கியது. ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு என் கணவர் நிஜமான அக்கறையோடு மால் நடுவில் நின்று உரக்கச் சொன்னார்.

"அடியில ஒரு ஜிப் வச்சுத் தச்சிருந்தா இப்படிப் பிரியுமா? இவங்களுக்கு யாரும் சொல்லித் தரல பாரு!"

மகள் எங்களைத் தெரியாதவள்போல அடுத்த கடைக்குள் புகுந்துகொண்டாள். நான் அவள் பின்னாலேயே போனேன். அவர் மட்டும் அங்கேயே நின்று இன்னும் நாலு பேர் காலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

அந்த வருஷம் மகளின் ஹைஸ்கூலில் எழுபதுகளைக் கொண்டாடுகிறோம் என்று ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தார்கள். பிள்ளைகள் அந்தக் கால உடையில் மேடையேறி ஏதாவது செய்ய வேண்டும். கொண்டாட அமெரிக்காவுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஒரு சாயங்காலம் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது மகள் வந்து நின்றாள்.

"அப்பா, உங்க ஓல்ட் பேன்ட்ஸ் எடுத்துக்கலாமா? அந்த ப்ரவுன் ஒன்?"

அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"அண்ட்... யூ கேன் கம். இஃப் யூ வான்ட்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. லாட்டரி விழுந்தவன்கூட இன்னும் கொஞ்சம் நிதானமாக இருந்திருப்பான். அன்று அவளுடைய இங்கிலீஷ் நடுவில் தமிழ் வேறு எட்டிப் பார்த்தது. அதை அவர் ஆபீஸ்வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வீடு அமளிதுமளிப்பட்டது. பெட்டிகள் இறங்கின. காலர் வைத்த சட்டைகளை அவரே அயர்ன் செய்தார். சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் சொருகுவது எப்படி, பின்பாக்கெட்டில் சீப்பு எவ்வளவு தெரியவேண்டும், எல்லாவற்றுக்கும் பாடம் நடந்தது. அப்புறம் நடை. ஜிப் கவ்வாமல் காலை அகட்டி நடப்பதை ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து காட்டினார். அவள் பின்னாலேயே நடந்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு சமையலறைவரை கேட்டது. நானும் அந்த வாரம் வாயை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம்கூடச் சொன்னதில்லை. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே கேட்டேன். அமெரிக்கா வந்த புதிதில் கல்லூரியில் ஏதோ பார்ட்டிக்கு இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளதிலேயே நல்ல பெல்பாட்டத்தைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். எல்லோரும் ஆடுகிறார்கள். இவரும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆடுகிற இடத்துக்கு நடந்திருக்கிறார். கூட்டத்தில் காலை அகட்ட இடமில்லை. ஜிப் கவ்வி, எல்லோர் முன்னாலும் தடாலென்று விழுந்தார்.

"அப்புறம் என்னாச்சு அப்பா?"

"என்னாகும்? எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் ரூமுக்கு வந்துட்டேன்."

"அண்ட் தென்?"

"அதுக்கப்புறம் எந்தப் பார்ட்டிக்கும் போவல" என்று சொல்லி அதற்கும் சிரித்தார்.

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றது. இந்த மனிதர் ஏன் எந்த விசேஷத்திலும் சுவரோரமாகவே நிற்கிறார் என்று நானும் பல தடவை எரிச்சல்பட்டதுண்டு.

நிகழ்ச்சிக்கு என் கணவர் ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் இருந்த தமிழ் டாக்டரையும் அவர் மனைவியையும்கூடக் கூப்பிட்டிருந்தார். "இன்னிக்காவது மனுஷன் மாதிரி வாங்க" என்று நான் சாம்பல்நிற பேன்ட்டும் நீலச் சட்டையும் எடுத்து வைத்தேன், மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரில் ஒட்டியிருந்த ஒவ்வொரு பேப்பரையும் நின்று படித்தார். இழுத்துக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தேன்.

மேடையில் வந்ததெல்லாம் அபத்தம். சுருட்டை விக் வைத்த பையன்கள், உடம்பெல்லாம் வெள்ளிக் காகிதம் சுற்றிய பெண்கள். மேலே கண்ணாடி உருண்டை ஒன்றைச் சுழலவிட்டு எல்லோர் கண்ணையும் கூசவைத்தார்கள். கடைசியில் என் மகளின் முறை. என் அப்பா, டிஸ்கோ ராஜா என்று இங்கிலீஷில் அறிவித்தார்கள். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

காப்பிக்கலர் பெல்பாட்டம், மையால் வரைந்த மீசை, கிருதா, காலரில் கைக்குட்டை. காலை அகட்டி அகட்டி அவள் நடந்து வந்ததும் அரங்கம் அதிர்ந்தது. "அப்படியே பண்றா பாரு!" என்று என் கணவரும் கைதட்டினார். அவள் சீப்பை எடுத்துக் கிருதாவைச் சீவினாள். சிரிப்பு. பிறகு வாயைத் திறந்தாள். எங்கள் இங்கிலீஷ் எப்படி இருக்குமோ அதைவிட இரண்டு மடங்கு கேவலமாக ஒரு இங்கிலீஷ். லைட்டை அணை என்று கத்தினாள். தொண்ணூற்றெட்டு மார்க்கா, மீதி ரெண்டு எங்கே என்று கேட்டாள். அந்த மனிதர் வாழ்நாளில் அவளிடம் மார்க் கேட்டதில்லை. கேட்டவள் நான். லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்துகிறவளும் நான். என் வசனத்தையெல்லாம் பிடுங்கி அவர் வாயில் போட்டுவிட்டாள். நான் சேலை கட்டிக்கொண்டு ஒழுங்காக இருப்பதால் தப்பித்தேன், பேன்ட் போட்டவர் மாட்டிக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மேடையில் இன்னும் இரண்டு பெண்கள் மினுமினுவென்று ஆடிக்கொண்டு வந்தார்கள். மீசை வைத்த அப்பா அவர்களோடு ஆடலாம் என்று ஆசையாகக் கிட்டே போகிறார். காலைக் குனிந்து பார்க்கிறார். ஜிப் கவ்வுகிறது. தடால். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் விழுந்தவரைக் காலால் உருட்டி மேடை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக ஆடுகிறார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. டாக்டரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "நல்லா மாட்டினீங்க சார்!" என்று என் கணவரின் தோளில் தட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேடையேறி அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. என் கணவர் பக்கம் திரும்பினேன். அவரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் நிறுத்தியது தெரியாமல் கொஞ்ச நேரம் தனியாகத் தட்டினார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண் மட்டும் மேடையில் அவள் விழுந்த இடத்திலேயே நின்றது.

வெளியே ஜூஸும் குக்கீயும் வைத்திருந்தார்கள். மகள் மீசையோடு தோழிகள் நடுவில் நின்றாள். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையிலிருந்த கப்பைத் தூக்கிக்கொண்டு, "ஓ, நீங்கள்தான் அந்த அப்பாவா!" என்று கூவினாள். இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். "அந்த நடையை ஒரு தடவை நடந்து காட்டுங்களேன், ப்ளீஸ்!" என்றாள். கெட்ட பெண் இல்லை. ஆசையாகத்தான் கேட்டாள். அந்த மாதிரி ஆசையோடுதான் மிருகக்காட்சிசாலைக்கும் போவார்கள்.

"வாங்க, போலாம்" என்று அவர் முழங்கையைப் பிடித்தேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோயிருந்தது. "அப்பா, நோ. வேணாம்" என்றாள். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, நான் எடுத்துக் கொடுத்த அந்தச் சாதாரண சாம்பல்நிற பேன்ட்டில், கவ்வுவதற்கு ஒரு ஜிப்பும் இல்லாத பேன்ட்டில், காலை அகட்டி அகட்டி ஜூஸ் மேஜைவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். கைதட்டினார்கள். அவர் லேசாகத் தலைகுனிந்து தேங்க் யூ என்றார்.

காரில் மகள் பின்சீட்டில் எச்சில் தொட்டு மீசையை அழித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளை ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தேன். அவர் நடுவில் வந்து, "சின்னப் புள்ள, விளையாட்டுக்குப் பண்ணினா. அத ஏன் பெருசு பண்ற?" என்று என்னைத்தான் அடக்கினார். மேற்கொண்டு பேச விடவில்லை.

அந்த வாரக்கடைசியில் நான் எழுந்து வரும்போது பெட்டிகள் காலியாகக் கிடந்தன. பெல்பாட்டம், காலர்ச் சட்டை, பெல்ட் எல்லாவற்றையும் குப்பைப் பைகளில் கட்டி, கடைத்தெருவில் இருக்கும் தானத் துணிப்பெட்டியில் அவரே போட்டுவிட்டு வந்திருந்தார். வருஷக்கணக்காக நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம். கொண்டாட வேண்டியவள் நான்தான். சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை.

மத்தியானம், "பேன்ட் வாங்கணும், பாப்பாவும் வரட்டும்" என்றார். மூன்று பேரும் மாலுக்குப் போனோம். ஆண்கள் கடையில் ஒரு சுவர் முழுக்கக் காக்கி பேன்ட். அமெரிக்காவில் உள்ள அங்கிள்கள் அத்தனை பேரும் போடுகிற, ஒரு குற்றமும் சொல்ல முடியாத, ஒரு முகமும் இல்லாத பேன்ட். பெல்பாட்டத்தையாவது பார்த்துத் திட்டலாம். மகள் ரேக்கில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, தமிழிலேயே கேட்டாள்.

"உங்களுக்கு எது பிடிக்குது அப்பா? நீங்க சொல்லுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்? நீயே எடு" என்றார். கொஞ்சம் யோசித்து, உதவியாக இருக்கட்டும் என்பதுபோலச் சொன்னார். "எதப் போட்டா யாரும் சிரிக்க மாட்டாங்களோ, அத எடு."

அவள் தொங்கிய பேன்ட்களுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கடைக்காரப் பெண் ஓடி வந்தாள். அவர் பதறிப்போய் என்னைப் பார்த்து, "என்ன ஆச்சு இவளுக்கு? நான் என்ன சொல்லிட்டேன்?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.